மெழுகுவர்த்தியை வைத்துப் பாடம் நடத்தியவர்



டிப்ளமா லெவலுக்கு இது போதும் என்ற வாக்கியத்தைக் கேட்காமல் நம்மில் யாரும் மூன்று வருஷத்தை முடித்திருக்க மாட்டோம். இந்தச் சமன்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டாலும் அதே பதில். மோட்டாருக்குள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டாலும் அதே பதில். கடைக்குப் போனால் பாடப்புத்தகத்தைச் சுருக்கி ஒரு கைடு, கைடையும் சுருக்கி முக்கிய வினா-விடை. கடைசியில் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நம்ம கையில் மிஞ்சுவது நாலு பக்க ஜெராக்ஸ். அதைப் படித்துப் பாஸும் ஆகிவிடுகிறோம். ஆனால் வைவாவில் எக்ஸ்டர்னல் சும்மா ஒரு 'ஏன்' போட்டால் போதும், பாதிப் பேருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

கஷ்டமான விஷயத்தை எளிமையாகச் சொல்வது என்றால் இதுதானா? சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் யோசிப்பதற்கு ஒன்றுமே இல்லாமல் செய்துவிடுவதா? இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. இதற்கு நான் கண்ட நல்ல பதில் ஒரு மனிதருடைய வாழ்க்கை. எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்களுக்கு அவர் பெயர் தினசரி சோறு மாதிரி. மின்தேக்கியின் அலகான ஃபாரட் அவர் பெயரிலிருந்து வந்ததுதான். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் பயப்படாமல் தொடர்ந்து படிக்கலாம். இந்தக் கட்டுரையில் கணக்கு ஒன்றுகூட வராது. ஏனென்றால் மைக்கேல் ஃபாரடேவுக்கே கணக்கு வராது!

1791 செப்டம்பர் 22-ல் லண்டனை ஒட்டிய நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவர் அவர். அப்பாவுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். விலைவாசி ஏறிய ஒரு சமயம் பையனுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டி என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்களாம். பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்றதும் கொஞ்சம் கூட்டல் கழித்தலும்தான் அவருடைய முறையான படிப்பு. 1804-ல், 13 வயதில், பிளாண்ட்ஃபோர்ட் தெருவில் ரீபோ என்பவருடைய புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். மறு வருஷமே அங்கு பைண்டிங் தொழில் கற்க ஏழு வருஷ அப்ரண்டிஸ். நம்மில் சிலர் டிப்ளமா முடித்ததும் ஒரு வருஷ அப்ரண்டிஸுக்கே முகம் சுளிக்கிறோம்!

புத்தகத்துக்கு அட்டை போடுகிறவன் அதை வாசிக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. இவர் வாசித்தார். பைண்டிங்குக்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அகப்பட்டது. அதைவிட முக்கியமாக ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய ஒரு ரசாயனப் புத்தகம் கிடைத்தது. இந்தப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

மார்செட் அம்மையார் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ஃப்ரி டேவி நிகழ்த்திய ரசாயனச் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார். டேவி அந்தக் காலத்து நட்சத்திரப் பேச்சாளர். அவர் பேச்சைக் கேட்க அவ்வளவு கூட்டம் வரும். ஆனால் மார்செட்டுக்குப் பேச்சு ஓடிய வேகத்தில் விஷயம் பிடிபடவில்லை. பிறகு தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பேசி, சோதனைகளையும் செய்து பார்த்தபோதுதான் புரிந்தது. அப்படியானால் மற்றவர்களுக்கும் இப்படித்தானே புரியும் என்று, ஒரு ஆசிரியையும் எமிலி, கேரலைன் என்ற இரண்டு பெண்களும் பேசிக்கொள்வது போலவே ஒரு புத்தகம் எழுதினார். 1806-ல் அவர் பெயர் போடாமலே வெளிவந்தது. அந்தப் பெண்கள் இரண்டு பேரும் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவர்கள் இல்லை. சந்தேகம் கேட்பார்கள், குறுக்கே பேசுவார்கள். கேள்வியோடேயே பாடம் நகரும்.

பைண்டிங் பையன் ஃபாரடே இதைப் படித்துவிட்டு மனப்பாடம் செய்யவில்லை. கையில் இருந்த சில்லறைக்கு என்ன மருந்துச் சரக்கு வாங்க முடியுமோ அதை வாங்கி, புத்தகத்தில் சொன்னது உண்மைதானா என்று கடையின் பின்பக்கம் செய்து பார்த்தார். உண்மையாகவே இருந்தது. அதற்கப்புறம்தான் அந்தப் புத்தகத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை வந்தது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பிறகும், தான் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை அந்த அம்மையாருக்கு நன்றிக் காணிக்கையாக அனுப்பினார்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. மார்செட்டின் புத்தகமும் ஒரு எளிமைப்படுத்திய புத்தகம்தான். பெரிய ரசாயன அறிஞர்களுக்காக எழுதியது இல்லை. ஆனால் அதைப் படிக்கிற பையன் சோதித்துப் பார்க்கும்படி அதில் விஷயம் இருந்தது. நம்ம கைடில் சோதித்துப் பார்க்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? வினா ஒன்று, விடை ஒன்று, மார்க் ஐந்து. சரியா தப்பா என்று பார்ப்பதற்குக்கூட வழி இல்லை.

கதைக்கு வருவோம். 1810-லிருந்து டேட்டம் என்பவர் வீட்டில் நடந்த அறிவியல் வகுப்புகளுக்கு ஃபாரடே போனார். ஒரு வகுப்புக்கு ஒரு ஷில்லிங். கொடுத்தது கொல்லுப் பட்டறையில் உழைத்த அண்ணன் ராபர்ட். (ஒவ்வொரு பெரிய மனிதனுக்குப் பின்னாலும் ஒரு பெண் என்பார்கள். சில பேருக்குப் பின்னால் ஒரு அண்ணன்.) 1812-ல் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் டேவியின் சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். நாலு சொற்பொழிவு. மாடியில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, வீட்டுக்கு வந்து படங்களோடு விரித்து எழுதி, தானே பைண்டு செய்து, வருஷக் கடைசியில் டேவிக்கே அனுப்பி வைத்தார். வேலைக்கு விண்ணப்பம் என்றால் அதுவல்லவா விண்ணப்பம்! 1813 மார்ச் 1-ல் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சோதனைக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங் சம்பளம், மேல்மாடியில் இரண்டு அறை. கூடவே கரியும் மெழுகுவர்த்தியும் கொடுத்தார்கள். இந்த மெழுகுவர்த்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே, அதாவது 21 வயதில், அவர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்போது அவர் ஒரு சொற்பொழிவுகூட நிகழ்த்தியதில்லை. மேடைக்குப் பின்னால் கருவிகளை எடுத்துக் கொடுக்கிற ஆள். ஆனால் முன்னால் நின்று பேசுகிறவர்களை ஒவ்வொருவராகக் கவனித்து, ஒரு பேச்சு எப்படி இருக்க வேண்டும், எங்கே கெடுகிறது என்று நண்பர் பெஞ்சமின் அபாட்டுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். அரங்கத்தில் காற்றோட்டம் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினால் யாரும் உள்வாங்க மாட்டார்கள். கருவியை மறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. எழுதி வைத்ததை அப்படியே ஒப்பிக்கக் கூடாது. இதெல்லாம் அதில் இருக்கிறது. நம்ம வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து லெக்சரருக்கு மார்க் போடுகிற வேலைதான்! ஆனால் இவர் பிறகு அந்த மார்க்கைத் தனக்கும் போட்டுக்கொண்டார். பேச்சுக் கலை ஆசிரியர் ஒருவரிடம் காசு கொடுத்துப் பாடம் கற்றார். பேசும்போது வேகம் கூடிவிட்டால் மெதுவாக என்று எழுதிய அட்டையை உதவியாளர் முன்னால் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டார்.

1813 அக்டோபர் முதல் 1815 ஏப்ரல் வரை டேவியோடு ஐரோப்பா சுற்றினார். ஆம்பியர், வோல்டா எல்லோரையும் பார்த்தார். வழியில் டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார் என்பதும் உண்டு. அதை விடுவோம்.

கண்டுபிடிப்புகள் நமக்குத் தெரிந்தவைதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1821-ல் பாதரசக் கிண்ணத்தில் காந்தத்தைச் சுற்றி ஒரு கம்பி சுழன்றது. மின்சாரத்தால் தொடர்ந்து சுழன்ற முதல் சாதனம், நம்ம மோட்டாருக்கெல்லாம் பாட்டன். மற்ற ஊர் விஞ்ஞானிகள் கதையாகப் படித்துத் தெரிந்துகொள்ளாமல் கண்ணால் பார்க்கட்டும் என்று அதன் சின்ன மாதிரிகளைச் செய்து தபாலில் அனுப்பினார். 1831 ஆகஸ்ட் 29-ல் ஒரு இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சுருள் சுற்றி, ஒன்றை பேட்டரியோடு இணைத்தார். மற்றச் சுருளோடு சேர்ந்த ஊசி ஆடியது. ஆனால் இணைக்கும்போது ஒரு ஆட்டம், துண்டிக்கும்போது ஒரு ஆட்டம், அவ்வளவுதான். நடுவில் கரண்ட் சீராக ஓடிக்கொண்டிருந்தபோது ஊசி அசையவே இல்லை. காந்தம் இருந்தால் மட்டும் போதாது, அது மாற வேண்டும் என்ற ரகசியம் அந்த ஊசியில் இருந்தது. நம்ம டிரான்ஸ்பார்மர் டிசி-யில் ஏன் ஓடாது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டுமா? அதே வருஷம் அக்டோபரில் காந்தத்துக்கு நடுவே செம்புத் தகட்டைச் சுழற்றி ஜெனரேட்டருக்கும் அடிகோலினார்.

இதையெல்லாம் சமன்பாடு எழுதாமல் செய்தார். காந்தத்தின் மேல் காகிதத்தை வைத்து இரும்புத்தூளைத் தூவினால் வளைவு வளைவாகக் கோடுகள் தெரிகின்றன அல்லவா, அந்தக் கோடுகளை வைத்தே சிந்தித்தார். விசைக்கோடு என்று அவர் சொன்னபோது கணிதம் கற்ற பெரியவர்கள் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பைண்டிங் கடையிலிருந்து வந்தவர், கணக்கு தெரியாததால் படம் போட்டுக் காட்டுகிறார் என்கிற மாதிரி ஒரு பார்வை. நமக்குப் பழக்கமான பார்வைதான்.

சொல் விஷயத்திலும் அவர் கவனம் பெரிது. மின்னாற்பகுப்பை ஆராய்ந்தபோது பழைய சொற்கள் தப்பான கருத்தைத் தலைக்குள் ஏற்றுகின்றன என்று கண்டு, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல் போன்றவர்களிடம் கேட்டுப் புதுச்சொற்களை அமைத்தார். 1834-லிருந்து ஆனோடு, கேத்தோடு, அயனி எல்லாம் வழக்கத்துக்கு வந்தன. எளிமை என்பதற்காகத் தெளிவில்லாத பழைய சொல்லையே வைத்துக்கொண்டு ஓட்டவில்லை. புதுச்சொல் வேண்டிய இடத்தில் தயங்காமல் புதுச்சொல் கொண்டுவந்தார்.

இனி மெழுகுவர்த்திக்கு வருகிறேன். ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1825-ல் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் ஆரம்பித்தன. 1827 முதல் 1860 வரை 19 தடவை அந்தத் தொடரை நடத்தியவர் ஃபாரடே. 1855-ல் விக்டோரியா ராணியின் கணவரே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அந்த அரங்கம் ஏழைகள் வந்துபோகிற இடம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொல்லர் மகன் இளவரசருக்குப் பாடம் எடுத்த அந்தக் காட்சிக்கு ஓவியம் உண்டு. 1991-லிருந்து 2001 வரை இங்கிலாந்தின் 20 பவுன் நோட்டிலும் அவர் கிறிஸ்துமஸ் சொற்பொழிவு நிகழ்த்தும் படம் இருந்தது.

1848-லும், மறுபடி 1860-லும் அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவர்த்தி. அதன் ரசாயன வரலாறு என்று ஆறு சொற்பொழிவு. இரண்டாம் தடவை பேசியதை வில்லியம் க்ரூக்ஸ் பதிப்பித்து 1861-ல் புத்தகமாக்கினார். அதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை: பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு படியுங்கள். நான் அப்படித்தான் படித்தேன்.

முதலில் அவர் கேட்பது, மெழுகு உருகி ஏன் கீழே வழியாமல் குழிக்கிண்ணம் போல் தேங்குகிறது? சூட்டில் காற்று மேலே ஏறுகிறது. பக்கத்திலிருந்து வரும் குளிர்ந்த காற்று விளிம்பைக் குளிரவைக்கிறது. அதனால் விளிம்பு உருகாமல் நின்று கிண்ணமாகிறது. அழகுக்காக வரிவரியாகச் செதுக்கிய விலை உயர்ந்த மெழுகுவர்த்தியில் விளிம்பு சீராக இல்லாததால் மெழுகு வழிந்து ஓடிவிடும். பார்க்க அழகாக இருக்கிற பொருளைவிட ஒழுங்காக வேலை செய்கிற பொருள்தான் மேல் என்று போகிற போக்கில் ஒரு குட்டு வைக்கிறார். நம்ம ஒர்க்‌ஷாப் சுவரில் எழுதி வைக்கலாம்.

அடுத்து, உருகிய மெழுகு திரியில் எப்படி மேலே ஏறுகிறது? ஒரு தட்டில் உப்பைத் தூண் மாதிரி நிறுத்தி, நீலச் சாயம் போட்ட உப்புக் கரைசலை ஊற்றுகிறார். நீலம் மெல்ல மெல்லத் தூணின் உச்சிக்கு ஏறுகிறது. நுண்புழை ஏற்றம் என்று நாம் ரெண்டு மார்க்குக்கு எழுதுவதை அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். அப்புறம் சுடரின் நடுவிலுள்ள இருண்ட பகுதியில் வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைக்கிறார். மறுமுனை வழியாக மெழுகின் ஆவி வெளியே வருகிறது. பற்ற வைத்தால் அங்கே எரிகிறது! எரிவது திரியும் இல்லை, உருகிய மெழுகும் இல்லை, ஆவிதான் என்று வாதம் செய்யாமலே நிரூபித்தாயிற்று. கரண்ட் போன ராத்திரி ஹாஸ்டலில் நீங்களே பார்க்கலாம். மெழுகுவர்த்தியை அணைத்து, எழும்புகிற வெள்ளைப் புகையில் உடனே தீக்குச்சியைக் காட்டுங்கள். திரியைத் தொடாமலே தீ புகை வழியாகத் தாவி இறங்கும்.

சின்னப்பிள்ளைகள்தானே, இதோடு போதும் என்று அவர் விடவில்லை. சுடருக்கு மேலே பனிக்கட்டியும் உப்பும் போட்ட பாத்திரத்தைக் காட்ட, அதன் அடியில் தண்ணீர்த் துளி கட்டுகிறது. நெருப்பிலிருந்து தண்ணீர்! அது தண்ணீர்தானா என்று பொட்டாசியத் துண்டைப் போட்டுப் பார்க்கிறார். பிறகு தண்ணீரை பேட்டரியால் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரிக்கிறார். காற்றுக்குள் என்ன இருக்கிறது, காற்றுக்கு எடை உண்டா என்று போகிறார். கடைசிச் சொற்பொழிவில் சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதிக் காட்டி, மெழுகுவர்த்தி எரிவதும் நாம் மூச்சு விடுவதும் ஒரே வேலைதான் என்று முடிக்கிறார். ஒரு மனிதன் 24 மணி நேரத்தில் 7 அவுன்ஸ் கார்பன் அளவுக்குக் கரியமில வாயுவாக்குகிறான், குதிரை 79 அவுன்ஸ் என்று கணக்கும் தருகிறார். நம்ம முதலாண்டு வேதியியலில் பாதி இதற்குள் வந்துவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்காக அவர் எதையும் வெட்டி எறியவில்லை. ஏறுவதற்குப் படி வைத்தார். படிகள் சின்னவை, ஆனால் மாடி அதே மாடிதான்.

இவ்வளவு ஜனரஞ்சகமாகப் பேசியவர், உண்மையிலேயே கற்றுக்கொடுக்கிற சொற்பொழிவு ஜனரஞ்சகமாக இருக்காது, ஜனரஞ்சகமான சொற்பொழிவு எதையும் கற்றுக்கொடுக்காது என்ற கருத்தையும் எழுதி வைத்திருக்கிறார். முதலில் படித்தபோது எனக்குக் குழப்பமாக இருந்தது. கைதட்டலை அவர் நம்பவில்லை என்பதுதான் விஷயம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிள்ளை, தானே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. அதனால்தான் பிள்ளைகளிடம் வீட்டில் இதைச் செய்து பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

நேர்த்தியாகப் பேசினால் ஜனங்கள் எதையும் நம்பிவிடுவார்கள் என்பதை அவர் 1853-ல் நேரிலேயே கண்டார். அப்போது லண்டனில் மேசை சுற்றுகிற பைத்தியம். நாலு பேர் மேசை மேல் கை வைத்து உட்கார்ந்தால் ஆவி வந்து மேசையை நகர்த்துகிறது என்றார்கள். மின்சாரம், காந்தம் என்று அறிவியல் பெயர் வைத்தும் விளக்கினார்கள். ஃபாரடே இரண்டு பலகைகளுக்கு நடுவே கண்ணாடி உருளைகளை வைத்து, பலகை துளி நகர்ந்தாலும் காட்டிவிடுகிற மாதிரி ஒரு துரும்பை முள்ளாகப் பொருத்தினார். மேசையை நகர்த்தியது உட்கார்ந்தவர்களுடைய கைதான், அவர்களுக்கே தெரியாமல்! முள்ளை அவர்கள் கண்ணில் படும்படி வைத்ததும் மேசை நின்றுவிட்டது. இதை டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார். படித்தவர்களே இதில் விழுந்ததுதான் அவருக்கு ஆத்திரம். 1862-ல் பள்ளிகளைப் பற்றி விசாரித்த அரசுக் குழுவின் முன் சாட்சி சொன்னபோதும், சின்னப் பையன்களுக்கு நேராகச் சொன்னால் அறிவியல் நன்றாகவே புரிகிறது, பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத்தான் அடிப்படை தெரியவில்லை என்றார்.

அந்த விசைக்கோடுகளுக்கு என்ன ஆயிற்று? ஜேம்ஸ் கிளர்க் மாக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்து இளைஞர், மின்காந்தத் தூண்டல் கண்டுபிடிக்கப்பட்ட அதே 1831-ல் பிறந்தவர், கணக்கில் புலி. அவர் மின்சாரம் பற்றிக் கணித நூல்கள் எதையும் தொடுவதற்கு முன் ஃபாரடேயின் கட்டுரைகளைப் படித்துவிடுவது என்று தீர்மானித்துப் படித்தார். ஃபாரடே சிந்தித்ததும் கணிதம்தான், வழக்கமான குறியீடுகளில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான் என்று கண்டுகொண்டார். அந்தக் கோடுகளைச் சமன்பாடாக்கினார். வானொலி முதல் செல்போன் வரை நிற்பது அதன் மேல்தான்.

1857-ல் மாக்ஸ்வெல்லின் கட்டுரை கைக்கு வந்தபோது, இவ்வளவு கணக்கு தன் விஷயத்தின் மேல் பாய்வதைக் கண்டு முதலில் மிரண்டுபோனதாகவும், விஷயம் அதைத் தாங்கி நின்றதைக் கண்டு வியந்ததாகவும் ஃபாரடே பதில் எழுதினார். அந்த வருஷக் கடைசியில் இன்னொரு கடிதம். இவருக்கு வயது 66, அவருக்கு 26. கணித மேதை ஒருவர் தன் முடிவுக்கு வந்து சேர்ந்த பிறகு, அதைச் சூத்திரத்தில் சொன்ன அதே முழுமையோடு சாதாரண மொழியிலும் சொல்ல முடியாதா என்று கேட்டார். தன்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சூத்திரங்கள் பழைய எகிப்தின் சித்திர எழுத்து மாதிரி இருக்கின்றன, அதைப் பெயர்த்துக் கொடுத்தால் நாங்களும் அதன் மேல் சோதனை செய்து வேலை பார்ப்போமே என்றார். இந்த இடத்தை நான் பல தடவை படித்தேன். எளிமை செய்துகொடு என்று அவர் கேட்டது சிரமத்திலிருந்து தப்பிக்க இல்லை. வேலையில் தனக்கும் பங்கு வேண்டும் என்பதற்காக.

வகுப்பில் எழுந்து நின்று, புரியவில்லை, இன்னொரு தடவை வேறு மாதிரி சொல்லுங்கள் என்று கேட்க நாம் கூச்சப்படுகிறோம். லெவல் குறைந்துவிடுமோ என்று. உலகத்திலேயே பெரிய மின்னியல் ஆராய்ச்சியாளர் தன் பேரன் வயசுப் பையனிடம் கூசாமல் கேட்டிருக்கிறார்.

கடைசி வருஷங்களில் ஞாபக சக்தி குறைந்துகொண்டே வந்தது. ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியை இரண்டு தடவை வேண்டாம் என்றார். சர் பட்டத்தையும் ஏற்கவில்லை. 1858-லிருந்து ஹாம்ப்டன் கோர்ட்டில் ராணி கொடுத்த வீட்டில் மனைவி சாராவோடு இருந்தார். 1867 ஆகஸ்ட் 25-ல் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தபடி காலமானார். ஹைகேட் கல்லறையில் புதைத்தார்கள். கல்லில் அவர் பெயரும் பிறந்த தேதியும் இறந்த தேதியும் இருக்கின்றன.